கீமோவுக்கும் கீமோவுக்கும் நடுவே

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், பையைக்கூடப் பிரிக்காமல், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "மறுபடி எப்பப் போகோணும்?" யாராவது ஃபைலைப் புரட்டித் தேதியைச் சொல்வார்கள். "இன்னும் பதினெட்டு நாள் கெடக்குது" என்று வீடே ஒரு மூச்சு விடும். நாளுக்கு நான்கு முறை காய்ச்சல் பார்த்த நர்ஸ் இனி பக்கத்தில் இல்லை. கை கழுவாமல் வருகிறவரைத் தடுத்து நிறுத்த வார்டு வாசல் இல்லை. அந்த வேலையெல்லாம் இனி அம்மாவின் தலையில், மனைவியின் தலையில், மருமகளின் தலையில். அந்தப் பதினெட்டு நாளை எப்படி நடத்துவது என்பதை, சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து சிகிச்சைக்குப் போய்வருகிற குடும்பங்களை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

கோடை உழவு ஓட்டி ஆறப்போட்ட காடு சும்மா கிடக்கவில்லை என்று நம் பக்கத்து விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் விடுகிற இடைவெளியும் அப்படித்தான். கீமோ மருந்து நோய் அணுக்களை அழிக்கும்போது, எலும்பு மஜ்ஜையில் ஊறுகிற நல்ல ரத்த அணுக்களையும் சேர்த்து அடித்துவிடுகிறது. நல்ல அணுக்கள் திரும்ப முளைக்க நாள் வேண்டும். அந்த நாளைக் கணக்குப் போட்டுத்தான் 14 நாள், 21 நாள், 28 நாள் என்று அடுத்த தேதி குறிக்கிறார்கள். ஆகவே வீட்டில் இருக்கிற நாட்களும் சிகிச்சைதான்.

இந்த உண்மைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவுக்குப் போய், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தையும் அதன் எதிர் மருந்துகளையும் உருவாக்கிய குழுவை நடத்தினார். அந்த மருந்துகளில் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் அடங்கியதை 1948இல் வெளியிட்டார். படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. அடங்கிய நோய் போய்விட்ட நோய் ஆகாது என்பதை மருத்துவம் அங்கே கற்றது. நோய் தெரியாத காலத்திலும் மருந்தைத் தொடர்வது என்ற முறை பிறகு அதிலிருந்துதான் வளர்ந்தது. அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் மாத்திரை டப்பாவிலும் இருக்கிறது.

எந்த இடைவெளி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ரத்தப் புற்றுநோய் என்று ஒரே பெயரால் சொன்னாலும் லுக்கேமியா, லிம்ஃபோமா, மைலோமா மூன்றுக்கும் நடைமுறை வேறு. லிம்ஃபோமாவுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. அக்யூட் லுக்கேமியாவில் முதல் கட்டம் கடுமையானது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுண்ட், குறைந்திருக்கிற காலம் மூன்று நான்கு வாரம்கூட நீளும். குழந்தைகளுக்கு வரும் வகையில் கடுமையான கட்டங்கள் முடிந்தபின் ஏறக்குறைய இரண்டு வருட மாத்திரைக் காலம் வரும். மைலோமாவில் 21 நாள் மாத்திரை, 7 நாள் இடைவெளி என்று மாதாமாதம் போகிற மருந்து உண்டு. வயதானவர்களுக்கு வரும் ஒரு வகை நாட்பட்ட லுக்கேமியாவில், மருந்தே தொடங்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் மட்டும் பார்த்துக்கொண்டு வரச் சொல்வார்கள். "வைத்தியமே பண்ணாம அனுப்பிட்டாங்க" என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நோய்க்கு அதுதான் சரியான வைத்தியம். தொந்தரவு தராத நிலையில் முன்கூட்டி மருந்து கொடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று பார்த்த பிறகே அப்படிச் செய்கிறார்கள்.

ஒரே ஒரு இடைவெளிதான் ஆபத்து: நாமே எடுத்துக்கொள்வது. முடி திரும்ப முளைக்கிறது, பசி எடுக்கிறது, முகம் தெளிகிறது. மஞ்சள் வெட்டு நெருங்குகிறது, தங்கச்சி கல்யாணம் வருகிறது, கையில் காசும் இல்லை. "இப்பத்தான் நல்லா இருக்கறானே, அடுத்த மாசம் போய்க்கலாம்" என்ற பேச்சு அப்போதுதான் வரும். அது வரும் என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். கல்யாணத்துக்காக நாலு நாள் தள்ள வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள். பல நேரம் அவரே வழி சொல்வார். சொல்லாமல் தள்ளுவதுதான் கூடாது.

நாள் கணக்கு

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், சாமி படத்துக்குக் கீழே ஒரு மாதக் காலண்டர் மாட்டியிருந்தது. ஆணியில் நூல் கட்டி ஒரு பால்பாயின்ட் பேனா. பக்கத்து மாடத்தில் எவர்சில்வர் டம்ளர், அதற்குள் தெர்மாமீட்டர். அந்த வீட்டு அப்பாரு எட்டாவது வரை படித்தவர். கீமோ ஏறிய நாளை 1 என்று எழுதி, வரிசையாக 21 வரை எண் போட்டு, 7 முதல் 14 வரை சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் காலை ஒரு எண், மாலை ஒரு எண்: பேரனின் உடல் சூடு. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் காலண்டரில் இருந்தது.

மூன்று வாரச் சுற்றின் வழக்கமான போக்கு இது. முதல் ஐந்து நாள் குமட்டல் இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் தூக்கம் வராது, அடங்காத பசி எடுக்கும், சர்க்கரை ஏறும், சின்னப் பேச்சுக்கும் கோபம் வரும். அது மாத்திரையின் கோபம். வீட்டார் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரை நின்ற அடுத்த இரண்டு மூன்று நாள் உடம்பு தொய்ந்துவிடும், அழுகைகூட வரும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போகும். ஆள் பார்க்கத் தெம்பாக இருப்பார், ஆனால் கிருமியைத் தடுக்க உள்ளே ஆள் இருக்காது. பதினைந்துக்கு மேல் கவுண்ட் ஏறும். பதினைந்திலிருந்து இருபத்தொன்றுவரை உள்ள வாரத்தை நான் நல்ல வாரம் என்பேன். செய்ய ஆசைப்பட்டதை அந்த வாரத்துக்கு ஒதுக்குங்கள். உங்கள் சுற்றுக்கு எந்த நாட்கள் தாழ்வு என்று டாக்டரிடம் கேட்டு உங்கள் காலண்டரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து இது மாறும்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிக்கவும் பழகுங்கள். மொத்த வெள்ளை அணுவைப் பார்த்தால் மட்டும் போதாது. அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்று பக்கத்தில் போட்டிருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் வருவதுதான் உண்மையான காவல் படை. மொத்தம் 1,800, நியூட்ரோஃபில் 25 சதவீதம் என்றால் 450. 500க்குக் கீழே போனால் எச்சரிக்கை உச்சத்தில் இருக்க வேண்டும். பிளேட்லெட் சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. 20,000க்குக் கீழே போனால் தானாகவே ரத்தம் கசியலாம்.

கவுண்ட் ஏற்றுவதற்குத் தோலுக்கடியில் போடும் ஊசி சிலருக்கு எழுதித் தருவார்கள். அதை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் கட்டி நேராக மருந்தில் படாமல் துணி சுற்றுங்கள். ஊசி போட்டபின் இடுப்பும் முதுகெலும்பும் வலித்தால் நோய் முற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். மஜ்ஜை வேகமாக வேலை செய்கிற வலி அது. என்ன மாத்திரை போடலாம் என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

100.4

இந்த எண்ணை வீட்டில் உள்ள எல்லாருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உட்பட, மனப்பாடம் செய்துவையுங்கள். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. காலையில் பார்க்கலாம், மழை விடட்டும், அப்பா வரட்டும் என்பதற்கெல்லாம் நேரம் இல்லை. வெள்ளை அணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் ஏறாவிட்டாலும் இதே விதிதான்.

சூடு பார்ப்பதற்கு முன் பாரசிட்டமால் போடாதீர்கள். போட்டால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கிருமி மறையாது.

அடுத்த தவறு நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. சிகிச்சை எடுப்பது வேலூர் சிஎம்சியிலோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ என்றால், காய்ச்சலோடு நேரே அங்கே வண்டி கட்டுவார்கள். சேலத்திலிருந்து வேலூருக்கு மூன்று நான்கு மணி நேரம், சென்னைக்கு அதற்கும் மேல். முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி பக்கத்திலேயே ஏற வேண்டும்: சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல்லில் 2022இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது இரவு நேரத்தில் டாக்டர் இருக்கிற தனியார் மருத்துவமனை. எது என்று இன்றே முடிவு செய்து, ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: இவருக்கு இன்ன நோய், இன்ன தேதி கீமோ, காய்ச்சல் வந்தால் இன்ன மருந்து உடனே தொடங்கவும், இன்ன எண்ணுக்குப் பேசவும் என்று. ஒரு நகல் ஃபைலில், ஒரு நகல் தலையணைக்கடியில், ஒரு போட்டோ எல்லார் போனிலும். 108க்குப் பேசும்போது "கீமோ எடுக்கறவரு, காய்ச்சல்" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் வரிசையில் உட்கார வைத்தாலும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

கொல்லிமலையில் வீடு என்றால் சிவப்புக் கோடு போட்ட நாட்களில் கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவை நடுராத்திரியில் இறங்கிவர வேண்டிய நிலை வரக்கூடாது.

உள்ளூரில் காய்ச்சல் என்று போனால் இடுப்பில் ஊசி போடுவது வழக்கம். பிளேட்லெட் குறைந்தவருக்குச் சதையில் போடும் ஊசி உள்ளே ரத்தக்கட்டாகிவிடும், சீழும் பிடிக்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் இவையும் கூடாது. மைலோமாக்காரர்களுக்கு இவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். பல் துலக்க மென்மையான பிரஷ், சவரத்துக்கு பிளேடுக்குப் பதில் மெஷின். காலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலும், ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலும், மலம் கறுத்தாலும், மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலும் அன்றே சொல்லுங்கள். பெண்கள் கடைசியாகச் சொன்னதை மறைத்தே வைக்கிறார்கள். அதை நிறுத்த மாத்திரை இருக்கிறது.

சாப்பாடு

நம் ஊர் இதற்குக் கொடுத்துவைத்த ஊர். முட்டை விலை நிர்ணயமாகிற ஊரில் புரதத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஆனால் மஞ்சள் கரு கெட்டியாகிற வரை, பத்துப் பன்னிரண்டு நிமிஷம், வேக வேண்டும். தெம்புக்கு என்று பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவது, பாலில் கலக்குவது, ஆஃப் பாயில் எல்லாம் கீமோ முடிகிறவரை வேண்டாம். சால்மோனெல்லா கிருமி நல்ல உடம்பையே நாலு நாள் படுக்கப் போடும்.

தாழ்வு நாட்களுக்கு ஒரே விதி: அன்று சமைத்து, நன்றாக வெந்து, சூடாக இருப்பது. அரிசிம்பருப்பு சாதம், பச்சைப்பயறு கடைசல், இட்லி, அப்போதே பிழிந்த சந்தகை, கேழ்வரகுக் களி எல்லாம் நல்லவை. ராத்திரி ஊறிய பழைய சோறும், பானையில் புளித்த கம்மங்கூழும் மற்ற நாளில் அருமையான சாப்பாடு, இந்த எட்டு நாளில் மட்டும் ஒதுக்குங்கள். தயிர் விஷயத்தில் மருத்துவமனைக்கு மருத்துவமனை சொல்வது மாறுகிறது. உங்கள் வார்டில் சொன்னதைக் கேளுங்கள். பழம் என்றால் தோல் உரிப்பது: வாழை, ஆரஞ்சு, கழுவி நாமே தோல் சீவிய மாம்பழம். பம்பளிமாஸ் மட்டும், நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்குத் தரும் இமாட்டினிப் போன்ற மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், விலக்குங்கள். தண்ணீர் குழாயில் வந்தாலும் கேனில் வந்தாலும் கொதிக்கவைத்து ஆற்றியதுதான்.

தட்டுவடை செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்துக்காரர் யாரும் அதை விட்டு இருக்க மாட்டார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே இருப்பதைக் கவனியுங்கள்: பச்சையாகத் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காலையில் அரைத்து மாலைவரை திறந்திருக்கும் சட்னி. தட்டுவடையில் குற்றம் இல்லை, நடுவில் இருப்பதில்தான் ஆபத்து. நாக்கு செத்துப்போயிருக்கிற பிள்ளை கேட்டு அழுதால், தட்டுவடையை மட்டும் வாங்கிவந்து, காயை வதக்கி, சட்னியை வீட்டில் அரைத்துக் கொதிக்கவைத்து அடுக்கிக் கொடுங்கள். ருசி கொஞ்சம் குறையும். நல்ல வாரத்தில் கவுண்ட் ஏறியபின், கடைக்குப் போவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

வாய்ப்புண் வந்தால் ஜவ்வரிசிக் கஞ்சி ஆறவைத்துக் கொடுங்கள். மரவள்ளி விளைகிற மண்ணில் அது எந்நேரமும் கிடைக்கும். வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. பால் சேர்த்துக் காய்ச்சுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாளைக்கு நாலைந்து தடவை வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

பப்பாளி இலைச் சாறு கொண்டுவராத சொந்தக்காரர் கிடையாது. டெங்கு காலத்தில் பரவிய பேச்சு அது. இங்கே பிளேட்லெட் குறைவதற்குக் காரணம் வேறு, மஜ்ஜை ஓய்ந்திருக்கிறது. பச்சை இலையை இடித்துப் பிழிந்த சாறு, வெள்ளை அணு இல்லாத வயிற்றுக்குக் கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோகும். பற்பம், செந்தூரம், பெயர் தெரியாத லேகியம் எதுவானாலும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். கல்லீரல் ஏற்கெனவே கீமோவைச் சுமந்துகொண்டிருக்கிறது. கொண்டுவந்தவர் அன்பில் கொண்டுவந்தார். வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்லுங்கள்.

தோட்டம், தறி, கோயில், கேதம்

கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவர் சிகிச்சைக் காலத்தில் ஷெட்டுக்குள் போகக் கூடாது. எரு அள்ளுவது, தீவனம் அரைக்கிற இடத்தில் நிற்பது, பூஞ்சை பிடித்த மக்காச்சோள மூட்டையைப் பிரிப்பது, வைக்கோல் போரைப் பிடுங்குவது, மஞ்சள் மெருகூட்டுகிற இடத்துக்குப் போவது எல்லாம் அதே கணக்குத்தான். அந்தத் தூசியில் இருக்கும் பூஞ்சை நுரையீரலில் வளர்ந்துவிட்டால் மாதக்கணக்கில் வைத்தியம். பண்ணைக்குப் போய்வருகிற வீட்டார், துணியை வெளியிலேயே கழற்றிக் குளித்துவிட்டு நோயாளியிடம் வாருங்கள். நல்ல வாரத்தில் வெயிலுக்கு முன் வரப்பில் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். கீமோவின் சோர்வுக்குப் படுத்துக்கிடப்பதைவிட தினமும் கொஞ்சம் நடப்பது நல்லது என்று பல ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. பங்குனி, சித்திரை வெயிலில் பகல் பதினொன்றுக்கு மேல் வெளியே வேண்டாம்.

தறி ஓட்டுகிறவர்களும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்களும் ஒன்றைக் கவனியுங்கள். வின்கிரிஸ்டின் என்ற மருந்து விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். இழை முடிகிற விரலுக்கு, பொடி வைத்து ஊதுகிற கைக்கு அது பிழைப்பையே தடுக்கிற விஷயம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்கிற நிலையிலேயே டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்வார். மரத்த காலில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். அதே மருந்து மலச்சிக்கலும் தரும், மூன்று நாள் தாண்ட விடாதீர்கள்.

கோயிலுக்குப் போகலாம். ஆடியில் கோட்டை மாரியம்மன் கூட்டத்தில் நிற்க வேண்டாம், கூட்டமில்லாத நாளின் காலையில் போங்கள். பிள்ளை பிழைத்தால் அலகு குத்துகிறேன், பூ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. நோயாளியின் உடம்பில் ஓட்டை போடுவதும் தீயில் இறக்குவதும் சிகிச்சை முடிந்து கவுண்ட் நிலைக்கிற வரை கூடாது. கடனைத் தள்ளிவைத்தால் அம்மன் கோபிக்க மாட்டாள். வேறொருவர் அவர் பெயரில் செய்யலாம். மருந்து ஏற்றுவதற்கென்று கையில் பிக் லைனோ நெஞ்சில் போர்ட்டோ பொருத்தியிருப்பவர் ஆடிப்பெருக்குக்கு மோகனூர் ஆற்றில் முழுக வேண்டாம், தண்ணீரைக் கரையிலிருந்து பார்த்து வாருங்கள்.

கேதத்துக்குப் போகாமல் இருப்பது நம் பக்கத்தில் பெரிய குறை. வீட்டில் ஒருவர் போய்வந்தால் போதும் என்று முன்பே சொந்தங்களிடம் சொல்லிவையுங்கள். பார்க்க வருகிறவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். இருமல், சளி இருந்தால் போனிலேயே விசாரிக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல நோயாளிக்கு வாய் வராது. சொல்வதற்கு வீட்டில் கறாரான ஒருவரை, பெரும்பாலும் அத்தையாகத்தான் இருப்பார், நியமித்துவிடுங்கள்.

அம்மை

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. சின்னம்மை கண்டால் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திருப்பது நம் வழக்கம். நல்ல உடம்புள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தானாக இறங்கிவிடும். கீமோ எடுக்கும் உடம்பில் அதே அம்மை நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் போகும், உயிரை எடுக்கும். பக்கத்து வீட்டிலோ பள்ளியிலோ அம்மை கண்ட பிள்ளையோடு இருந்தார் என்று தெரிந்தாலே, கொப்புளம் வருமுன், அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். தடுக்க மருந்து இருக்கிறது, முதல் சில நாட்களில் கொடுத்தால்தான் பலன். கொப்புளம் வந்துவிட்டால் அசைக்ளோவிர் ஊசிக்கு அன்றே சேர்க்க வேண்டும். வேப்பிலையை வாசலில் செருகிவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் வேறு குழந்தைக்குத் தடுப்பூசியோ போலியோ சொட்டு மருந்தோ போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டார் எல்லாரும் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் நல்லது.

மாத்திரைக் காலம்

நீண்ட பராமரிப்புக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு ஒரு உயிர் காக்கும் வரி: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டுவிட்டு மஜ்ஜை முழுக்கச் செத்துப்போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொண்டால் அட்டையின் மேல் பெரிதாக "செவ்வாய்" என்று எழுதி, மற்ற மாத்திரைகளிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் வையுங்கள்.

நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியாவுக்கு இமாட்டினிப் மாத்திரை வந்தபிறகு, ஒருகாலத்தில் சில வருடங்களில் முடிந்த வாழ்க்கை ஏறக்குறைய முழு ஆயுளாக நீண்டிருக்கிறது. அதன் காப்புரிமைக்கு நோவார்டிஸ் போட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த முடிவை உறுதி செய்தது. இன்று நீங்கள் வாங்குகிற மலிவான மாத்திரைக்குப் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கையில் வந்த மாத்திரையை, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். டாக்டரே நிறுத்திப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பல வருடம் மாத்திரை எடுத்து, மிக நுட்பமான பரிசோதனையிலும் நோய் தென்படாத நிலை நீடித்தவர்களுக்கு மட்டும் அது. அப்போதும் தொடக்கத்தில் மாதாமாதம் பரிசோதனை வேண்டும். நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி மாத்திரை தேவைப்படுகிறது.

ரத்தம், பணம், பயணம்

ரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வாய்ப்புள்ள நோயாளிக்குக் கூடப்பிறந்தவர், பெற்றோர் ரத்தம் ஏற்றக் கூடாது. பின்னால் அவர்கள் மஜ்ஜையை உடம்பு ஏற்க மறுக்கலாம். வேலூர் சிஎம்சியில் 1986இலிருந்து நடக்கும் இந்தச் சிகிச்சைக்குக் கூடப்பிறந்தவர்தான் முதல் தேர்வு, ஆகவே அவர்களைப் பத்திரப்படுத்துங்கள். ஊர் நண்பர்கள் பத்துப் பேர் பெயர், ரத்த வகை, போன் எண் எழுதிய ஒரு பட்டியலை இடைவெளி நாட்களில் தயார் செய்யுங்கள். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் ஒரே நாளில் எல்லாரும் கொடுத்துப் பயனில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா, எவ்வளவு மீதி இருக்கிறது என்று கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பார்த்துவிடுங்கள். அடுத்த சுற்றுக்குப் போய் நிற்கும்போது தெரிந்து பயனில்லை. ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. அதற்கான படிவத்தில் மருத்துவமனை முத்திரை வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வேலூர் போகிறவர்களுக்குச் சேலத்திலிருந்து காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. பஸ் நெரிசலைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மனதைப் பற்றி நான் நீட்டி எழுதவில்லை, ஆனால் லேசாகவும் நினைக்கவில்லை. பரிசோதனை முடிவு வருகிற முந்தின இரவு யாருக்கும் தூக்கம் வராது. கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுபோகும். சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இரண்டு வாரம் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. நல்ல வாரத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டும், பெரியவர் கடைக்கணக்குப் பார்க்கட்டும். நோயாளி என்ற பெயர் ஒரு வாரமாவது அவர்கள் மேலிருந்து இறங்கட்டும்.

அடுத்த தேதிக்கு இரண்டு நாள் முன் ரத்தம் கொடுத்து ரிசல்ட்டை வாங்குங்கள். கவுண்ட் ஏறவில்லை, சுற்று ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று டாக்டர் சொன்னால் அதுவும் சிகிச்சைதான், பயப்பட வேண்டாம். ஏறிவிட்டால் ஃபைல், காப்பீட்டு அட்டை, காலண்டர் தாள், மாத்திரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க் இவற்றை ஒரே பையில் முந்தின ராத்திரியே எடுத்துவையுங்கள். வீட்டில் எவ்வளவு நல்லபடியாக இருந்தாலும் சொன்ன தேதியில் போய்ச் சேருங்கள்.